ஓடாததும் ‘ரன்’ ஆகும்: சென்னைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஓர் ஆங்கில வினை

கிளாம்பாக்கத்தில் பெட்டியோடு இறங்கி, பெருங்குடியிலோ அம்பத்தூரிலோ வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். ஆபீஸில் யாரும் ஓடுவதில்லை. ஆனால் ‘ரன்’ என்ற சொல் காலையிலிருந்து மாலைவரை காதில் விழுந்துகொண்டே இருக்கும். ரிப்போர்ட் ரன் ஆகிறது. மீட்டிங் ‘ரன்னிங் லேட்’. பிரின்டர் பேப்பர் ‘ரன்னிங் லோ’. செலவு ‘ரன்ஸ் இன்டு லேக்ஸ்’. மெயில் அனுப்பும் முன் ‘ரன் இட் பை மீ’. ரன் என்றால் ஓடு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு இதில் ஒன்றையும் புரிந்துகொள்ள முடியாது.

அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்த ஒரு வினையைத் திருத்தி எழுத, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 645 பொருள் தேறியது என்று 2011-இல் செய்தி வந்தது. அதற்கு முன் அதிகப் பொருள் கொண்ட வினை என்ற பெயர் ‘செட்’டிடம் இருந்தது.

645-ஐயும் மனப்பாடம் செய்தவர் யாரும் இல்லை, லண்டனில் பிறந்தவர்கள் உட்பட. வேலைக்கும் வீட்டுக்கும் வேண்டியது நாற்பதைத் தாண்டாது என்பது என் கணிப்பு. அந்த நாற்பதையும் பட்டியல் போட்டு உருப்போட வேண்டியதில்லை. ரன்னுக்கு முன்னால் நிற்பது யார் அல்லது எது, பின்னால் எந்தச் சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்க்கப் பழகினால் போதும். ஆங்கில வாக்கியங்களைக் காதில் விழுகிறபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.

முதல் வேலை: தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இதுவரை உங்கள் வாயில் வந்துபோன ரன் எல்லாவற்றையும் எழுதுங்கள். எதிர்பார்த்ததைவிட நிறைய வரும். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதியது ரன்னிங் நோட்ஸ். படம் எவ்வளவு நேரம் என்பது ரன்னிங் டைம். பழைய பைக் விற்பவர் “நல்ல ரன்னிங் கண்டிஷன் சார்” என்பார். கண்டக்டர் “ரன்னிங்ல இறங்காதீங்க” என்று சத்தம் போடுவார். கிச்சன் ஷெல்ஃப் செய்ய வருகிறவர் ரன்னிங் ஃபீட் கணக்கில் விலை சொல்வார். வேலை முடியும் முன்பே, ஆன வேலைக்கு மட்டும் கான்ட்ராக்டர் கொடுப்பது ரன்னிங் பில். ஊருக்குப் போகும் ரயில் எங்கே வருகிறது என்று போனில் பார்ப்பது ரன்னிங் ஸ்டேட்டஸ்.

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழும்பூருக்கு வரவேண்டிய வண்டி செங்கல்பட்டு அவுட்டரில் அரை மணி நேரமாக அசையாமல் நிற்கிறது. அப்போதும் அது ‘ரன்னிங் லேட்’தான். சக்கரம் சுற்றுகிறதா என்பது கேள்வியே இல்லை. அந்தச் சேவை தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை, போய்க்கொண்டிருக்கிறது. ரயில்வேயில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ரன்னிங் ஸ்டாஃப் என்று பெயர். அவர்கள் வேலை முடிந்து அடுத்த வண்டிவரை படுத்துத் தூங்கும் இடத்துக்குப் பெயர் ரன்னிங் ரூம். இந்த ஊரில் ஓட்டமே இல்லாத ரன் அதுதான்!

ஆக, ஒரு வரியில் சொல்வதென்றால்: தொடங்கிய ஒன்று இடையில் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தால் ஆங்கிலத்துக்கு அது ரன். கால் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆபீஸில் கேட்கும் ரன்களில் பெரும்பாலானவை இந்த வரிக்குள் அடங்கும்.

இரண்டாவது: நம் ‘ஓடு’ எதுவரை கூட வரும்?

தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம் ‘ஓடு’வும் கால் இல்லாமல் ஓடும். ஆறு ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, மிஷின் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனசில் ஏதோ ஓடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் ரன் அப்படியே பொருந்தும். ‘த ஃபேன் இஸ் ரன்னிங்.’ ‘த ஃபிலிம் ரேன் ஃபார் அ ஹன்ட்ரட் டேஸ்.’ ‘அ தாட் ரேன் த்ரூ மை மைண்ட்.’ சாலையும் ஆறும் இந்த ஊரில் நன்றாக ரன் ஆகும். ‘த கூவம் ரன்ஸ் த்ரூ த சிட்டி.’ ‘த பக்கிங்ஹாம் கெனால் ரன்ஸ் அலாங் த கோஸ்ட்.’ ‘ஈசிஆர் ரன்ஸ் ஃப்ரம் சென்னை டு புதுச்சேரி அண்ட் பியாண்ட்.’ தமிழில் சாலை ‘போகிறது’ என்போம், ஆங்கிலத்திலும் ‘கோஸ்’ சொல்லலாம். வழி சொல்லும்போது ‘ரன்ஸ்’ இன்னும் பொருத்தமாக இருக்கும்.

ஆனால் எல்லா இடத்திலும் கூட வராது. கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தால் விழுகிற இடங்கள் சில உண்டு.

“டிவில படம் ஓடுது” என்பதற்கு ‘அ மூவி இஸ் ஆன்’ என்றால் போதும். “ஆபீஸ்ல என்ன ஓடுது?” என்பது ‘வாட்ஸ் கோயிங் ஆன்?’ “கையும் ஓடல, காலும் ஓடல” என்பதில் ரன் எட்டிக்கூடப் பார்க்காது. அங்கே ‘ஐ பேனிக்ட்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். “பொழுது ஓடியே போச்சு” என்று சந்தோஷமாகச் சொல்வது ‘டைம் ஃப்ளூ’. அதையே ‘டைம் ரேன் அவுட்’ என்றால், கெடு முடிந்துவிட்டது, வேலை முடியவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். மேனேஜரிடம் சொல்லும்போது இந்த வித்தியாசம் வேலையையே பாதிக்கும்.

“கடை நல்லா ஓடுது” இன்னும் நுணுக்கம். நமக்கு அதன் பொருள் வியாபாரம் சூடு, கல்லா நிறைகிறது. ‘த ஷாப் இஸ் ரன்னிங் வெல்’ என்றால் நிர்வாகம் தடங்கலில்லாமல் நடக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். கல்லாவைச் சொல்ல ‘டூயிங் வெல்’ வேண்டும்.

மூன்றாவது: ஓட்டுவதும் நடத்துவதும்

பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் குறை. ரன்னுக்குப் பின்னால் நேரடியாக ஒரு பொருள் வந்தால் கதை மாறிவிடும். நாம் கடையை நடத்துகிறோம். ஆங்கிலத்தில் கடையை ஓட்டுகிறார்கள்.

இன்டர்வியூவில் ‘வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?’ என்று கேட்டால், ‘டீ ஷாப் இஸ் தேர் ஃபார் மை ஃபாதர்’ என்று தமிழைப் பெயர்த்து வைப்பவர்கள் நிறைய. ‘ஹி ரன்ஸ் அ டீ ஷாப்’ போதும். சுருக்கம், மரியாதை, இலக்கணம் மூன்றும் இருக்கிறது. ‘மை அத்தை ரன்ஸ் அ மெஸ் இன் ட்ரிப்ளிகேன்’ என்றும் தைரியமாகச் சொல்லலாம். கடை சொந்தமா என்பது வேறு கேள்வி, அதற்கு ‘ஓன்ஸ்’. சம்பளத்துக்குப் பொறுப்பாக இருந்தால் ‘மேனேஜஸ்’. ரன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: தினமும் திறந்து, ஆள் வைத்து, கணக்குப் பார்த்துக் கொண்டுபோவது.

வண்டி விஷயத்தில் கவனம் வேண்டும். பஸ்ஸை டிரைவர் ‘டிரைவ்’ செய்வார். மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்டிசி ‘ரன்’ செய்யும். ‘எம்டிசி ரன்ஸ் பஸஸ் டு திருப்போரூர்’ என்றால் அந்தத் தடத்தில் பஸ் விடுகிறது என்று பொருள். கால் டாக்ஸி ஓட்டும் தம்பி ‘ஐ ரன் அ கார்’ என்று சொன்னால், கேட்பவர் பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டிக் காரை வைத்துப் பராமரிக்கிறார் என்று நினைப்பார். ‘இட்ஸ் எக்ஸ்பென்சிவ் டு ரன் அ கார் இன் சென்னை’ என்பது சரியான வாக்கியம், உண்மையும்கூட. ஓட்டுகிறேன் என்பதற்கு ‘ஐ டிரைவ் அ கேப்’. யாராவது ‘கேன் யூ ரன் மீ டு த ஸ்டேஷன்?’ என்று கேட்டால் துரத்தச் சொல்லவில்லை. ஸ்டேஷன்வரை வண்டியில் கொண்டுபோய் விடமுடியுமா என்று கேட்கிறார்.

கம்ப்யூட்டர் ரன் எளிது. ரிப்போர்ட், ஸ்கிரிப்ட், டெஸ்ட், பேரோல் எதுவானாலும், தொடங்கிவிட்டு அது கடைசிவரை தானாகப் போக விடுவது ரன். “ரன் பண்ணிட்டீங்களா?” என்று தமிழில் கேட்பதையே ‘டிட் யூ ரன் த ரிப்போர்ட்?’ என்று கேட்பார்கள். பத்திரிகைக்காரர்கள் செய்தியை ‘ரன்’ செய்வார்கள், அதாவது வெளியிடுவார்கள். காய்ச்சல் வந்தவர் ‘ரன்னிங் அ டெம்பரேச்சர்’. சின்னச் சின்ன வெளிவேலைக்கு அலைவது, மருந்து வாங்க, கரன்ட் பில் கட்ட, கூரியர் போட, எல்லாம் சேர்த்து ‘ரன்னிங் எரன்ட்ஸ்’. ‘ரன் அ பாத்’ என்று அகராதியில் ஒன்று கண்ணில் படும். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது அது. பக்கெட்டில் குளிப்பவர்கள் தாராளமாக விட்டுவிடலாம்.

நான்காவது: வாலைப் பாருங்கள்

ரன்னின் வித்தை முழுக்க அதன் பின்னால் ஒட்டும் ‘இன்டு’, ‘அவுட்’, ‘ஓவர்’ மாதிரியான குட்டிச் சொற்களில் இருக்கிறது. பட்டியலாகப் படித்தால் மறந்துபோகும். ஒவ்வொரு வாலுக்கும் சென்னையில் ஓர் இடத்தைக் கட்டிவிடுங்கள், நிற்கும்.

‘ரன் இன்டு’ நான்கு வேலை செய்யும். அடையாறு கடலில் கலக்கிறது: ‘த அடையார் ரன்ஸ் இன்டு த சீ.’ ஜிஎஸ்டி ரோட்டில் கார் மீடியனில் மோதியது: ‘த கார் ரேன் இன்டு த மீடியன்.’ ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பழைய ஹெட்மாஸ்டரைத் தற்செயலாகப் பார்த்தீர்கள்: ‘ஐ ரேன் இன்டு மை ஹெட்மாஸ்டர்.’ அவரை இடித்துத் தள்ளியதாக யாரும் நினைக்க மாட்டார்கள், ஆளுக்கு அந்த வால் வந்தால் சந்திப்புதான். ஆனால் முன்பே பேசிவைத்துச் சந்தித்தால் சொல்லக்கூடாது, எதிர்பாராமல் இருக்க வேண்டும். நான்காவது பணம்: ‘த ரிப்பேர் காஸ்ட் ரன்ஸ் இன்டு லேக்ஸ்’, செலவு லட்சக்கணக்கில் போகிறது. ஆற்றுக்குக் கலப்பு, வண்டிக்கு மோதல், ஆளுக்குச் சந்திப்பு, தொகைக்கு அளவு. முன்னாலும் பின்னாலும் நிற்பதைப் பார்த்தால் குழப்பமே வராது. ‘வீ ரேன் இன்டு அ ப்ராப்ளம்’ என்று டெவலப்பர்கள் சொல்வதும் இதே வகை. போகிற வழியில் சிக்கல் எதிர்ப்பட்டது.

‘ரன் அவுட்’டில் சேப்பாக்கம் குறுக்கே வரும். கிரிக்கெட்டில் ஆட்டக்காரரை ரன் அவுட் ஆக்குகிறார்கள்: ‘ஹி வாஸ் ரன் அவுட்.’ வீட்டில் பால் தீர்ந்தால் இரண்டு விதமாகச் சொல்லலாம். பாலை முன்னால் வைத்தால் ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்.’ நம்மை முன்னால் வைத்தால் ஒரு ‘ஆஃப்’ கட்டாயம்: ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்.’ அந்த ‘ஆஃப்’பை விட்டால் நாம் பெவிலியனுக்குத் திரும்ப வேண்டியதுதான். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் டையில் முடிந்ததே, அதைச் சொல்லிப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து புரியும். இந்தியாவுக்குத் தேவை 348, எடுத்தது 347. ‘இந்தியா ரேன் அவுட் ஆஃப் விக்கெட்ஸ்’, ஒரு ரன் பாக்கி இருக்கும்போது விக்கெட் தீர்ந்துபோனது. ஆனால் கடைசி ஆள் மனிந்தர் சிங் ரன் அவுட் ஆகவில்லை, எல்பிடபிள்யூ.

‘ரன் ஓவர்’ இரண்டு வாக்கியத்தில் முடியும். லாரி ஏறி நசுக்கினால் ‘ரன் ஓவர் பை அ லாரி.’ மீட்டிங் பத்து நிமிஷம் அதிகமாக இழுத்தால் ‘த மீட்டிங் ரேன் ஓவர்.’ முதலாவது செய்தித்தாளில் வரும், இரண்டாவது தினமும் வரும்.

‘ரன் பை’தான் புதியவர்களை அதிகமாகத் திகைக்க வைக்கிறது. கேன்டீனில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“அண்ணா, ‘ரன் திஸ் பை மீனா’ன்னு மெயில் வந்திருக்கு. நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் இல்லம்மா. கிளையன்ட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மீனா மேடம்கிட்ட ஒரு தடவ காட்டிடு. அவங்க சரின்னா அனுப்பு.”

“அப்ரூவல் வாங்கணுமா?”

“கையெழுத்தெல்லாம் கேக்காத. அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கோ, அவ்ளோதான்.”

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். ‘கெட் அப்ரூவல்’ என்றால் அனுமதி. ‘ரன் பை’ என்றால் அபிப்பிராயம் கேட்பது. சில மேலாளர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

‘ரன் த்ரூ’ ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை வேகமாகப் பார்ப்பது. ‘லெட் மீ ரன் யூ த்ரூ த ஸ்லைட்ஸ்’ என்று தொடங்கினால் பிரசன்டேஷன் ஆரம்பம். ‘ரன் அப்’புக்குப் பின்னால் பில்லோ கடனோ நிற்கும்: ‘ஹி ரேன் அப் அ ஹ்யூஜ் பில்’, ஏற்றிவிட்டான். ‘இன் த ரன்-அப் டு த எலெக்ஷன்’ என்றால் தேர்தலுக்கு முந்தைய நாட்கள். பௌலர் ஓடிவரும் தூரத்துக்கும் அதே பெயர்தான். ‘ரன் ஆன்’ எதில் ஓடுகிறது என்பதைச் சொல்லும்: ‘ஷேர் ஆட்டோஸ் ரன் ஆன் டீசல்’, ‘எலெக்ட்ரிக் பஸஸ் ரன் ஆன் பேட்டரி.’

‘ரன் டவுன்’ கொஞ்சம் கசப்பான வால். பேட்டரி தீர்ந்தால், உடம்பு அசந்தால், கட்டடம் பராமரிப்பில்லாமல் கிடந்தால் எல்லாவற்றுக்கும் அதுதான். திருவல்லிக்கேணியில் பேச்சிலர் மேன்ஷன் தேடும்போது ‘ரன்-டவுன்’ என்று யாராவது சொன்னால், பாத்ரூமைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஆளுக்கு வந்தால் மட்டம் தட்டிப் பேசுவது: ‘டோன்ட் ரன் ஹிம் டவுன்.’

‘ரன் இன் த ஃபேமிலி’யை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கற்றுக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்பார், பரம்பரையில் இருக்கிறதா என்று. ‘டயபிடீஸ் ரன்ஸ் இன் அவர் ஃபேமிலி.’ நோய்க்கு மட்டும் இல்லை, பாட்டுக்கும் கணக்குக்கும் முன்கோபத்துக்கும் சொல்லலாம்.

ஐந்தாவது: குறையும்போதும் வற்றும்போதும்

வாலுக்குப் பதில் நிலையைச் சொல்லும் சொல் வந்தால், ரன் ‘ஆகு’ என்பதற்குச் சமம். ‘ரன்னிங் லேட்’, தாமதமாகிறது. ‘ரன்னிங் ஷார்ட்’, பற்றாக்குறை ஆகிறது. ‘ரன்னிங் லோ’, குறைந்துகொண்டு வருகிறது. ‘ரன் ட்ரை’, வற்றிப்போவது.

இந்த வரிசையைச் சென்னை 2019 கோடையில் அனுபவித்தே படித்தது. முதலில் ‘சென்னை இஸ் ரன்னிங் ஷார்ட் ஆஃப் வாட்டர்’. பிறகு ஏரிகள் ‘ரன்னிங் லோ’. ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றியதும் ‘த ரிசர்வாயர்ஸ் ஹேவ் ரன் ட்ரை’. அதையே நகரத்தின் பக்கம் நின்று சொன்னால் ‘சென்னை ஹேஸ் ரன் அவுட் ஆஃப் வாட்டர்’. ஓஎம்ஆரில் சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும் அப்போதுதான். ஷார்ட், லோ, ட்ரை, அவுட். முதல் இரண்டிலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ‘ட்ரை’, ‘அவுட்’ என்றால் கையிருப்பு பூஜ்யம். ஸ்டோர் கீப்பர் வேலையில் இருப்பவர்கள் ‘லோ’வுக்கும் ‘அவுட்’டுக்கும் உள்ள இடைவெளியைத் தெரிந்து மெயில் எழுத வேண்டும்.

துணிக்கும் தனி ரன் உண்டு. தி.நகரில் புடவை வாங்கி முதல் தண்ணீரில் நனைத்தபோது சிவப்பு இறங்கி வெள்ளைச் சட்டையில் ஏறினால் ‘த கலர் ரன்ஸ்’. வெயிலில் வெளுத்துப்போனால் அது ‘ஃபேட்ஸ்’. நாம் இரண்டையும் “சாயம் போகுது” என்றே சொல்வதால், கடைக்குப் புகார் எழுதும்போது கலந்துவிடும்.

ஆறாவது: ரன், ரேன், ரன்

இலக்கணம் சின்னதுதான், ஆனால் தவறு இங்கேதான் குவிகிறது. இன்று ரன், நேற்று ரேன், ‘ஹேவ்’ அல்லது ‘ஹேட்’ வந்தால் மறுபடியும் ரன். சென்னையின் ரயில் கதையை வைத்துப் பழகலாம். 1856 ஜூலை 1: ‘த ஃபர்ஸ்ட் ட்ரெயின் ரேன் ஃப்ரம் ராயபுரம் டு வாலாஜா ரோட்.’ 2015 ஜூன் 29-இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கியதிலிருந்து இன்றுவரை: ‘த மெட்ரோ ஹேஸ் ரன் சின்ஸ் 2015.’ இங்கே ‘ஹேஸ் ரேன்’ தப்பு. ‘டிட்’ வந்தாலும் ரேன் கூடாது: ‘டிட் த ட்ரெயின் ரன் எஸ்டர்டே?’

நேர அட்டவணைக்கு ‘ரன்ஸ்’, இந்த நிமிஷத்துக்கு ‘இஸ் ரன்னிங்’. ‘த பஸ் ரன்ஸ் எவ்ரி ஹாஃப் அன் அவர்’ என்றால் தினசரி ஏற்பாடு. ‘த பஸ் இஸ் ரன்னிங் லேட்’ என்றால் இன்றைய நிலவரம். உச்சரிப்பில் ரன்னும் ரேனும் பிரிந்து கேட்க வேண்டும். ரேனுக்கு வாயை ‘பேங்க்’ சொல்வதுபோலத் திறங்கள், ஆனால் நீட்டாதீர்கள். நீட்டினால் மழை பெய்துவிடும்.

ஏழாவது: வெளியூர்க்காரரிடம் செல்லாத ரன்கள்

முதல் தாளில் எழுதினீர்களே, அதில் சில நம் நாட்டுக்குள் மட்டும் செல்லும். கூட்டெழுத்தை ‘ரன்னிங் லெட்டர்ஸ்’ என்றால் அமெரிக்க கிளையன்ட்டுக்குப் புரியாது, ‘கர்சிவ்’ என்று சொல்லுங்கள். ‘ரன்னிங் ரேஸ்’ வெறும் ‘ரேஸ்’. ‘ரன்னிங் நோஸ்’ என்றால் புரிந்துகொள்வார்கள், அவர்கள் சொல்வது ‘ரன்னி நோஸ்’. வயசைச் சொல்ல “இருபத்தஞ்சு நடக்குது” என்பதை ‘ட்வென்டி ஃபைவ் ரன்னிங்’ ஆக்கி ரெஸ்யூமேயில் எழுதுகிறார்கள். முடிந்த வயசை மட்டும் எழுதுங்கள், இருபத்து நான்கு என்று.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்கர் ‘ஐ ரேன் அ ரெட் லைட்’ என்றால் நம் ஊர் சிக்னல் ஜம்ப். அவர்கள் ‘ரன்னிங் ஃபார் ஆஃபீஸ்’ என்பதைப் பிரிட்டனில் ‘ஸ்டாண்டிங்’ என்பார்கள். நம் செய்தித்தாள்கள் ‘கான்டெஸ்டிங்’ என்று எழுதும். மூன்றுமே தேர்தலில் நிற்பதுதான். இன்னொன்று, ‘த ரன்ஸ்’ என்று யாராவது சொல்லி லீவு கேட்டால் ஸ்கோர் கேட்காதீர்கள். வயிற்றுப்போக்கு.

பழகும் முறை

தனிச் சொல்லாக எழுதிப் பழகாதீர்கள். ‘ரன் அவுட் – தீர்ந்துபோ’ என்று நோட்டில் எழுதினால், பேசும்போது ‘ஆஃப்’ எங்கே போனது என்று தெரியாது. முழு வாக்கியமாக, உங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள். உங்கள் மெஸ், உங்கள் பஸ், உங்கள் பில். முன்னால் நிற்பதையும் பின்னால் வரும் வாலையும் மட்டும் அடிக்கோடிடுங்கள்.

ஓர் ஆங்கில நாளிதழின் நகரப் பக்கத்தை ஒரு நாள் எடுத்துக்கொண்டு, ரன் வருகிற இடத்தை எல்லாம் பேனாவால் வட்டமிடுங்கள். போக்குவரத்து, குடிநீர், கிரிக்கெட், தேர்தல் என்று ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வகை சிக்கும். வட்டம் போட்ட வாக்கியத்தை ரன் இல்லாமல் வேறு ஆங்கில வினையால் சொல்லிப் பாருங்கள். ‘ரன்ஸ் அ ஸ்கூல்’ என்பது ‘மேனேஜஸ்’ ஆகிறதா, ‘ரன்ஸ் டு கிண்டி’ என்பது ‘கோஸ்’ ஆகிறதா என்று பார்த்தால் அர்த்தம் பிடிபட்டதா என்பது தெரிந்துவிடும்.

அகராதி வேண்டுமென்றால், கற்பவர்களுக்கென்று வெளியாகும் ஆங்கில–ஆங்கில அகராதியாகப் பாருங்கள். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பழைய பொருளிலிருந்து புதியதற்கு வரிசைப்படுத்தும். அது ஆராய்ச்சிக்கு. கற்பவர் அகராதி புழக்கத்தில் அதிகமுள்ளதை முன்னால் வைத்து, எடுத்துக்காட்டு வாக்கியமும் கொடுக்கும். ஆங்கிலம்–தமிழ் அகராதி படிக்கும்போது உதவும், எழுதும்போது அவ்வளவாக உதவாது. பத்துத் தமிழ்ச் சொல்லை வரிசையாகக் கொடுக்கும், எந்த இடத்துக்கு எது என்று சொல்லாது. வாங்கும் முன் புரட்டிப் பார்க்க நினைத்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம்.

எப்போது ரன் வேண்டாம்?

பேச்சில் எவ்வளவு ரன் வந்தாலும் பரவாயில்லை. எழுத்தில், அதுவும் கான்ட்ராக்ட், போலீஸ் புகார், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் மாதிரி இடங்களில், ஒரே அர்த்தம் மட்டும் உள்ள வினையைப் போடுங்கள். ‘த கார் ரேன் இன்டு மை பைக்’ என்பதைவிட ‘ஹிட்’ தெளிவு. ‘வீ ரேன் அவுட் ஆஃப் ஸ்டாக்’ என்பதற்குப் பதில் ‘ஸ்டாக் வாஸ் நில் ஆன்’ என்று தேதியைப் போட்டால் யாரும் மறுகேள்வி கேட்க முடியாது. ‘ரன் இட் பை மீ’ என்று உங்களுக்கு மெயில் வந்து, அனுமதியா அபிப்பிராயமா என்று சந்தேகமாக இருந்தால், ‘டூ யூ நீட் டு அப்ரூவ் இட்?’ என்று ஒரே வரியில் திருப்பிக் கேட்டுவிடுங்கள். பதில் வந்த பிறகு கிளையன்ட்டுக்கு அனுப்புங்கள்.